லெஜண்ட் வேறு, கட்டுக்கதை வேறு

போர் வரலாறு பற்றிய ஆவணப்படம் ஒன்று தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின் முதல் நாள். "போலந்துக் குதிரைப்படை டாங்கிகள்மேல் பாய்ந்தது என்பது வெறும் கட்டுக்கதை" என்றது குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகன் திரும்பிக் கேட்டான்: "அப்படின்னா குதிரைப்படையே அங்க போகலையா பெரியப்பா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் அந்த வாக்கியம் அப்படித்தான் பொருள் தருகிறது. மூலத்தில் இருந்த சொல் லெஜண்ட். அதைக் கட்டுக்கதை என்று பெயர்த்து எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. புராணம் என்று பெயர்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே பொருந்தாது என்பதுதான் என் கட்சி.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் லெகெரே என்றால் படிப்பது. லெகெண்டா என்றால் படிக்க வேண்டியவை. இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் விழா நாட்களில் படித்துக் காட்டிய அவர்களது வாழ்க்கைக் கதைகளுக்கு அந்தப் பெயர் வந்தது. நாணயத்தில் பொறித்த எழுத்துக்கும் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் குறிவிளக்கத்துக்கும் இதே சொல் வழங்குவது அதனால்தான். நாளடைவில், போதிய சான்று இல்லாவிட்டாலும் உண்மையில் நடந்ததாகவே சொல்லப்பட்டுவரும் கதை என்ற பொருள் நிலைத்துவிட்டது. அந்தக் கதைக்கு ஓர் ஊர் இருக்கும், ஓர் ஆண்டு இருக்கும், பெரும்பாலும் வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரும் இருப்பார். மித் எனப்படும் தொன்மத்திலிருந்து அதைப் பிரிப்பது இதுதான். தொன்மம் தெய்வங்களின் காலத்தில் நடக்கிறது. லெஜண்ட் நாட்காட்டிக்குள் நடக்கிறது.

இப்போது கட்டுக்கதைக்கு வருவோம். கட்டிய கதை கட்டுக்கதை. யாரோ ஒருவர் வேண்டுமென்றே இட்டுக்கட்டினார், அதில் உண்மை துளியும் இல்லை என்ற இரண்டு தீர்ப்புகள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. போர் வரலாற்றில் வழங்கும் கதைகள் பலவற்றுக்கு இந்த இரண்டும் பொருந்துவதில்லை.

அந்தப் போலந்துக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1939 செப்டம்பர் 1 மாலை, கிரோயாந்தி என்ற சிற்றூருக்கு அருகே 18-ஆவது பொமரேனிய உலான் (ஈட்டிக் குதிரைப்படை) படைப்பிரிவின் வீரர்கள் பாய்ந்தது உண்மை. ஆனால் அவர்கள் பாய்ந்தது டாங்கிகள்மேல் அல்ல, வெட்டவெளியில் இருந்த ஜெர்மானியக் காலாட்படைமேல். அந்தக் காலாட்படை சிதறியும் ஓடியது. அப்புறம்தான் கவச வண்டிகள் வந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. படைத்தலைவர் மஸ்தலேர்ஸ் உட்படப் பலர் இறந்தார்கள். பின்னர் அங்கே அழைத்துவரப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர்கள் செத்த குதிரைகளைப் பார்த்தார்கள், பக்கத்திலேயே டாங்கிகளையும் பார்த்தார்கள். குதிரைகள் டாங்கிகளோடு மோதிச் செத்தன என்ற கதை அங்கே பிறந்தது. ஜெர்மானியப் பிரசாரம் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. போலந்துக் குதிரைப்படையிடம் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளும் 37 மில்லிமீட்டர் பீரங்கிகளும் இருந்தன, பெரும்பாலும் குதிரையை விட்டு இறங்கித்தான் அவர்கள் போரிட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கதையில் மறைந்துபோனது. இதைக் கட்டுக்கதை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால், இல்லாத டாங்கி மோதலோடு நடந்த பாய்ச்சலும் செத்த மனிதர்களும் சேர்ந்து அழிகிறார்கள். என் தம்பி மகன் காதில் விழுந்தது அதுதான்.

இன்னொன்று. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மான்ஸ் நகரருகே பிரிட்டிஷ் படை ஜெர்மானியரை எதிர்த்து நின்று, பின்வாங்கியது. செப்டம்பர் 29 அன்று லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் மேச்சன் ஒரு சிறுகதை எழுதினார். 1415-இல் அஜின்கோர்ட்டில் போரிட்ட வில்லாளிகள் ஆவியாக வந்து பிரிட்டிஷ் வீரர்களைக் காப்பாற்றியதாகக் கதை. அடுத்த ஆண்டுக்குள் வில்லாளிகள் தேவதூதர்களாகி, நேரில் பார்த்தவர்கள் சொன்னதாகவே ஊரெங்கும் பரவிவிட்டது. இது என் கற்பனை என்று மேச்சனே சொல்லிப் பார்த்தார், கேட்கத்தான் ஆளில்லை. இங்கே இட்டுக்கட்டியவர் யார்? எழுதியவர் ஏமாற்ற நினைக்கவில்லை. நம்பியவர்களும் பொய் சொல்லவில்லை. கட்டுக்கதை என்றால் யாரோ ஒருவர்மேல் பொய்ப்பழி விழுகிறது.

கட்டுக்கதை என்ற சொல் பொருந்தும் இடமும் உண்டு, மறுக்கவில்லை. 1941 நவம்பர் 16 அன்று மாஸ்கோவுக்கு வெளியே துபோசெகோவோவில் 28 சோவியத் வீரர்கள் 18 டாங்கிகளை அழித்துவிட்டு அத்தனை பேரும் மாண்டார்கள் என்ற கதையை 1948-இல் சோவியத் இராணுவ வழக்குத் துறையே விசாரித்து, அது பத்திரிகையாளரின் புனைவு என்று எழுதிவைத்தது. அந்த 28 பேரில் சிலர் உயிரோடும் இருந்தார்கள். அந்த எண்ணும் அவர்கள் வாயில் வைக்கப்பட்ட வீர வசனமும் கட்டுக்கதைதான். ஆனால் அவர்கள் சேர்ந்திருந்த, தளபதி பன்ஃபிலோவின் டிவிஷன் அன்றைக்கு அங்கே கடுமையாகப் போரிட்டது நடந்தது.

புராணம் என்ற பெயர்ப்பை நீட்டி விவாதிக்க வேண்டாம். புனிதர் கதை என்ற பழைய பொருளுக்கு அது நன்றாகவே பொருந்தும். அடியார்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரியபுராணம் நம்மிடமே இருக்கிறது. 1939-இல் நடந்த சண்டைக்கு அது ஒட்டாது. நாட்டார் வழக்காற்றியல் நூல்களில் வரும் பழமரபுக்கதை என்ற சொல்லுக்கும் இதே சிக்கல்: மான்ஸ் கதை பரவ ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, அதில் பழமை எங்கே? செவிவழிக் கதை இனிமையான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் மேலே சொன்ன மூன்று கதைகளுமே பத்திரிகையோடு பின்னியவை. அச்சில் பிறந்ததைச் செவிவழி என்று எப்படிச் சொல்வது?

பழைய நூல்களைத் தேடினால் கிடைக்கும் மிகத் துல்லியமான சொல் ஐதிகம். வடமொழியில் 'இதி ஹ', அதாவது 'இப்படித்தானாம்' என்பதிலிருந்து வந்தது. மணிமேகலை எண்ணும் பத்து அளவைகளில், அதாவது ஒன்றை அறியும் வழிகளில், ஒன்று. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதைக் கொண்டு நம்புவது ஐதிகம் என்று அங்கே எடுத்துக்காட்டும் வருகிறது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பேய் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உலகம் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு ஐதீகம் என்று நீட்டி எழுதி, வழிபாட்டு நம்பிக்கைக்கும் சடங்குக்கும் ஒதுக்கிவிட்டோம். 'கிரோயாந்தி ஐதீகம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. பொருள் கைமாறிவிட்டது என்பதற்காகத்தான்.

நான் எழுதுவது வழங்குகதை. புதிதாகக் கண்டுபிடித்ததாக மார்தட்ட ஒன்றுமில்லை. 'என்று ஒரு கதை வழங்குகிறது' என்று தமிழில் எல்லோரும் சொல்வதைத்தான் வினைத்தொகையாகச் சுருக்கியிருக்கிறேன். மெய்யா பொய்யா என்று அது முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. காதால் வந்ததா அச்சில் வந்ததா, பழையதா நேற்றையதா என்ற கேள்விக்கும் இடமில்லை. கொடுத்தல் என்ற பொருளோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கதையோடு சேரும்போது குழம்பாது என்பது என் எண்ணம். வழக்குக்கதை என்று வைத்தால்தான் நீதிமன்றம் நினைவுக்கு வரும்.

இணைச்சொல்லையும் பார்க்க வேண்டும். ஃபேக்ட் என்று வரும் இடமெல்லாம் உண்மை என்று போடுகிறார்கள். உண்மை பெரிய சொல். போர் வரலாற்றாசிரியர் தேடுவது அதைவிடச் சிறியது, கெட்டியானது: நடந்தது என்ன? மாரத்தான் ஓட்டக்காரர் கதையில் இது பளிச்சென்று தெரியும். போர் நடந்தது கி.மு. 490. அதை விரிவாக எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோட்டசு, ஃபெய்டிப்பிடீஸ் என்ற ஓட்டக்காரர் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடியதைச் சொல்கிறார். வெற்றிச் செய்தியோடு ஏதென்சுக்கு ஓடிவந்து சொன்னதும் உயிர்விட்டார் என்பது எரொடோட்டசிடம் இல்லை. ஓட்டக்காரரின் பெயரோடு அந்தக் கதையை எழுதிய லூசியன் என்ற எழுத்தாளர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்காரர். ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளி. போர் நடந்தது, ஸ்பார்ட்டா ஓட்டத்துக்குப் பழைய சான்று உண்டு, ஏதென்ஸ் ஓட்டம் வழங்குகதை. மூன்றையும் மூன்று தட்டில் வைக்கச் சொற்கள் தேவைப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் மூன்றும் ஒரே தட்டில் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களே மித், லெஜண்ட் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள் என்பது சரி. அப்போதுதான் மொழிபெயர்ப்பவர் சொல்லை விட்டுவிட்டுச் சொல்லவந்த செய்தியைப் பார்க்க வேண்டும். தளபதி ஒருவரை லெஜண்ட் என்று புகழும் இடத்தில் ஜாம்பவான் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, கதை என்று வரும்போது மட்டும் ஏன் அந்த அக்கறை இல்லாமல் போகிறது?

அந்த ஆவணப்படத்தின் வரியை என்னிடம் கொடுத்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "கிரோயாந்தியில் குதிரைப்படை பாய்ந்தது நடந்தது. டாங்கிகள்மேல் பாய்ந்தது என்பது வழங்குகதை."