தொட்டிக்குள் இறங்கச் சொன்னால்: கேஸ் டிடெக்டரும் சட்டம் தரும் பாதுகாப்பும்

கிணறு இறைக்கப் போகிற பழைய ஆட்கள் இறங்குமுன் ஒரு காரியம் செய்வார்கள். அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி, மெல்ல மெல்ல உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. யோசனை பிழையில்லை: ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால் சுடர் நிற்காது. ஆனால் விளக்கு சொல்வது அந்த ஒன்றை மட்டும்தான். மலசலகூடக் குழியில் ஊறும் ஐதரசன் சல்பைட்டு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் சுடர் அசையாமல் எரியும். தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் சேருகிற காபனோரொட்சைட்டும் அப்படித்தான். மெதேன் இருந்தாலோ, விளக்கே தீப்பெட்டியாகிவிடும்.

அந்த விளக்கின் இடத்துக்கு இன்று வந்திருப்பது சட்டைப்பையில் அடங்கும் கேஸ் டிடெக்டர். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அரிசி ஆலை, ஐஸ் ஃபக்டரி, சீனித் தொழிற்சாலை, கழிவுநீர்க் குழி என்று மூடிய இடங்களுக்குள் இறங்குகிறவர்கள் நிறையப் பேர். இறங்குமுன் காற்றைச் சோதிப்பது முதலாளி பெரிய மனது வைத்துச் செய்யும் உபகாரம் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். இல்லை, அது சட்டம்.

சட்டத்தின் பெயர் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது, ஆகவே டிடெக்டர் என்ற சொல்லை அதில் தேடவேண்டாம். அது சொல்வது இதுதான்: அறை, தாங்கி, தொட்டி, குழி, குழாய், புகைபோக்கி போன்ற அடைபட்ட இடத்தில் ஆளை மயக்கக்கூடிய ஆபத்தான புகை இருக்க வாய்ப்பு இருந்தால், உள்ளே இருப்பதை வெளியேற்றவும் புதிதாக உள்ளே வராமல் தடுக்கவும் முடிந்த எல்லாம் செய்யவேண்டும். பொருத்தமான சோதனை செய்து ஆபத்து இல்லை என்று உறுதியாகவேண்டும். அப்படி உறுதியாகாவிட்டால், இறங்குகிறவர் இடுப்பில் வார் கட்டி, அதில் பூட்டிய கயிற்றின் மறுநுனியை வெளியே ஒருவர் பிடித்திருக்கவேண்டும். அல்லது சுவாசக் கருவி அணிந்திருக்கவேண்டும். இந்தச் சாமான்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும், அவற்றைப் பாவிக்கப் பழகிய ஆட்களும் இருக்கவேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியது, பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது. “பயமாக இருந்தால் இறங்காதே” என்று தொழிலாளியிடம் விட்டுவிடவில்லை. இந்த நிபந்தனைகள் இல்லாமல் எவரும் உள்ளே போகக்கூடாது என்கிறது. ஆகவே “கயிறு எங்கே சேர், காற்றைப் பார்த்தாச்சா?” என்று கேட்கிறவர் அடம்பிடிக்கவில்லை. இதையெல்லாம் பார்க்காமல் ஆளை இறக்குகிற ஃபோர்மன்தான் சட்டத்தை மீறுகிறார்.

சோதனை என்றால் இன்றைக்கு டிடெக்டர்தான். மூக்கு அல்ல. ஐதரசன் சல்பைட்டின் கூழ்முட்டை நாற்றம் மிகச் சிறிய அளவிலேயே தெரியும், உண்மை. ஆனால் 100 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 100 பங்கு) அளவுக்கு ஏறும்போது மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று ஆள் நினைப்பார். உண்மையில் அதுதான் உயிருக்கு ஆபத்தான கட்டம். 700 தாண்டினால் சில மூச்சிலேயே விழுந்துவிடலாம்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு ஆலைக்கு ஒருமுறை போயிருந்தேன். பெயர் வேண்டாம். டிடெக்டர் இருக்கா என்றேன். “இருக்கு சேர்” என்று பெருமையாக அலுமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார்கள். பெட்டிக்குள், பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல். சார்ஜ் ஏற்றிப் போட்டோம். முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே, நல்ல காற்றில் ஒட்சிசன் 18.2 என்று காட்டி ‘பீப் பீப்’ என்று கத்தியது. சுத்தமான திறந்த வெளிக் காற்றில் எங்கே நின்றாலும் 20.9 வீதம் காட்டவேண்டும். ஒட்சிசன் சென்சார் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வயது போகிற சாமான், பல கருவிகளில் இரண்டு வருடம்தான் அதன் ஆயுள். அலுமாரியில் இருந்தே அது செத்துப்போயிருந்தது. அன்றைக்காவது கத்தியது. மற்ற சென்சர்கள் செத்தால் கத்தாது, பேசாமல் 0 காட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மோசம்.

அதனால்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் ‘பம்ப் டெஸ்ட்’ (bump test) என்று ஒன்று செய்யச் சொல்கிறார்கள். அளவு தெரிந்த வாயு அடைத்த சிறிய சிலிண்டரிலிருந்து சில செக்கன் கருவிக்குக் காட்டவேண்டும். எல்லா அலாரமும் அடித்தால் வேலைக்கு எடு, அடிக்காவிட்டால் வை. ஒரு நிமிட வேலை. சிகரட் லைட்டரின் வாயுவைக் காட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள், எரிவாயு சென்சாரையே பழுதாக்கிவிடலாம். சிலிக்கோன் கலந்த ஸ்பிரே, டயர் பொலிஷ் இதெல்லாம் கருவிக்குப் பக்கத்திலேயே வேண்டாம். அளவுத் திருத்தம் (கலிபரேஷன்) வேறு. அதைத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செய்து ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கருவியைக் கையில் வாங்கினால் முதலில் அந்தத் திகதியைப் பாருங்கள்.

வழமையாகப் பாவிக்கும் கருவி நான்கைப் பார்க்கும். ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் குறைந்தாலும் 23.5க்குக் கூடினாலும் கத்தும். எரியக்கூடிய வாயு 10 என்று காட்டினால் கத்தும். ஐதரசன் சல்பைட்டு 10 பிபிஎம்மிலும் காபனோரொட்சைட்டு 35 பிபிஎம்மிலும் கத்தும்படி பெரும்பாலும் வைத்திருப்பார்கள். எரிவாயு எண்ணில்தான் பலருக்குக் குழப்பம். அந்த 10 என்பது காற்றில் 10 வீதம் மெதேன் என்பதல்ல. மெதேன் காற்றில் 5 வீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அந்த 5 வீதத்தைத்தான் கருவி 100 என்று எடுக்கிறது. 10 என்றால் அரை வீதம். ஆகவே 60, 70 என்று காட்டும்போது “இன்னும் 100 வரவில்லையே” என்று நிற்கக்கூடாது. வெளியே வரவேண்டிய நேரம் 10லேயே தொடங்கிவிட்டது.

முதலில் ஒட்சிசன், பிறகு எரிவாயு, அப்புறம் நச்சு வாயு என்ற ஒழுங்கில் எண்ணைப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரண எரிவாயு சென்சார் வாயுவைத் தனக்குள் எரித்துத்தான் அளக்கிறது. எரிக்க ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் குறைந்த குழியில் அது உள்ளதைவிடக் குறைவாகச் சொல்லும்.

தலையை உள்ளே நீட்டிச் சோதிப்பது சோதனையல்ல. கருவியில் குழாய் பூட்டி, வெளியே நின்றபடி இறக்கவேண்டும். மெதேன் இலேசு, மேலே நிற்கும். ஐதரசன் சல்பைட்டு பாரம், அடியில் கிடக்கும். ஆகவே மேல், நடு, அடி மூன்றிலும் பார்க்கவேண்டும். குழாய் வழியாகக் காற்று வர ஒரு அடிக்கு ஒரு செக்கன் என்று கணக்கு வையுங்கள், அதன்பின் எண் நிலைக்கவும் நேரம் வேண்டும். 20 அடிக் குழிக்குள் இறக்கிய கையோடு “எல்லாம் ஓகே” என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்தது குழாய்க்குள் முதலே இருந்த முற்றத்துக் காற்று. ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். குழாய் நுனி தண்ணீரில் முட்டக்கூடாது, உறிஞ்சினால் கருவி நின்றுவிடும்.

சோதித்து நல்லது என்று வந்தபிறகு கருவியை மேலே வைத்துவிட்டு இறங்குவது இன்னொரு வழக்கம். சேற்றைக் கிளறியதும்தான் அடியில் அடைபட்டிருந்த வாயு வெளிவரும். இறங்குகிறவரின் நெஞ்சுப் பக்கம், மூக்குக்குக் கிட்ட, கடைசி வரை ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அடித்தால் ஏன் என்று பார்க்கவேண்டாம், ஏறுங்கள்.

இனி நம்முடைய ஆலைகளுக்கே உரிய ஒரு விசயம். நெல் ஊறப்போடும் தொட்டியிலும் சீனிப்பாகுத் தாங்கியிலும் புளித்தல் நடந்தால் சேருவது காபனீரொட்சைட்டு (CO2; முன்னே சொன்ன காபனோரொட்சைட்டு, CO, வேறு). நான்கு வாயுக் கருவி அதைப் பார்க்காது. ஒட்சிசன் எண் காட்டிக் கொடுக்குமே என்று நம்பவும் முடியாது. காற்றில் 5 வீதம் காபனீரொட்சைட்டு சேர்ந்தால் ஒட்சிசன் 20.9லிருந்து ஏறத்தாழ 19.9க்குத்தான் இறங்கும். அலாரம் 19.5இல். 4 வீதமே உயிருக்கு ஆபத்து என்று வகுத்த அளவு, கருவியோ எல்லாம் பச்சை என்று சொல்லிக்கொண்டிருக்கும். இப்படியான இடத்துக்கு காபனீரொட்சைட்டு சென்சார் உள்ள கருவியைக் கேட்டு வாங்கவேண்டும். ஐஸ் ஃபக்டரி அமோனியாவுக்கும் அதே கதை, தனிச் சென்சார் வேண்டும். 8 மணி நேர வேலைக்கு உச்ச அளவு 25 பிபிஎம், 300 என்றால் உடனடி ஆபத்து. அமோனியா காற்றைவிட இலேசானது என்றாலும் குளிர்ந்த புகாராகக் கசியும்போது தரையோடு படரும்.

கயிறு பிடிக்க ஒருவர் என்று சட்டம் கேட்பது எவ்வளவு யோசித்துக் கேட்டது என்பது விபத்து நடக்கும்போதுதான் விளங்கும். உள்ளே தம்பி விழுந்துவிட்டால் அண்ணன் குதிப்பார். அவர் விழ மச்சான் குதிப்பார். மேலே நிற்கிறவருக்கு ஒரே வேலை: கயிற்றை இழுப்பது, சத்தம் போடுவது, 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பது. சுவாசக் கருவி இல்லாமல் அவர் இறங்கவே கூடாது.

இந்தச் சட்டத்துக்கு ஒரு ஓட்டையும் உண்டு. அது தொழிற்சாலைக்கான சட்டம். வீட்டுக்காரர் ஒருவர் நாட்கூலிக்கு ஆள் பிடித்துத் தன் வளவுக் கிணற்றையோ குழியையோ துப்புரவாக்கினால் அது எட்டாது. அதிகம் ஆபத்தான வேலை அதுதான் என்பது என் எண்ணம். கருவி இல்லாவிட்டால் குழிக்குள் ஆளை இறக்கவே வேண்டாம், மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ சொல்லி கலி பவுசரை (குழியை உறிஞ்சி எடுக்கும் வண்டியை) கூப்பிடுங்கள். கிணற்றுக்குள் எஞ்சினை இறக்காதீர்கள், எஞ்சினை மேலே வைத்துக் குழாயை மட்டும் விடுங்கள்.

தொழிற்சாலையில் நிபந்தனைகள் இல்லாமல் இறக்கினால் முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்கலாம். அதைப் பார்க்கிறவர் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர். மரணம் நடந்தாலோ, காயம்பட்டவர் 3 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ முதலாளி அறிவித்தே ஆகவேண்டும்.

நட்டஈடு வேறு சட்டம்: 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022இல் திருத்தியபோது உச்சத் தொகையை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மரணம் அல்லாத காயங்களில், தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார், சாராயம் குடித்திருந்தார் என்று காட்டி முதலாளி தப்பப் பார்க்கலாம். அந்த இடத்தில் உதவுவது ஒரு சாதாரணத் தாள்: திகதி, நேரம், மேல் நடு அடி எண்கள், சோதித்தவர் பெயர், கயிறு பிடித்தவர் பெயர். ஒவ்வொரு இறக்கத்துக்கும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் உங்கள் ஃபோனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு இறங்குங்கள்.