மீட்டரில் 60, வண்டியின் நிஜ வேகம் எவ்வளவு?

வாளையாரிலோ வேலந்தாவளத்திலோ எல்லை தாண்டி கேரளத்துக்குள் நுழையும் பைக்குக்கு 2023 ஜூலை 1 முதல் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 60 கி.மீ. அதற்கு முன் 70 ஆக இருந்தது. ஏ.ஐ. கேமரா வைத்து அபராதம் போடுவதும் அதே ஆண்டு ஜூன் 5-இல் தொடங்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து தினமும் கோவைக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருகிறவர்கள் அதன் பிறகு மீட்டரைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கிறார்கள். பட்டறைக்கு வரும் கேள்வி இரண்டு வகை. "மீட்டர் 60 காட்டுதுங்க, போன்ல 55 தான் வருது, மீட்டர் போயிருச்சா?" என்பது ஒன்று. "அறுபதைத் தாண்டவே இல்லைங்க, ஆனா சலான் வந்திருக்கு" என்பது மற்றொன்று. முதல் ஆளுக்குப் பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. இரண்டாம் ஆளின் வண்டியைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

காரணம் இதுதான். மீட்டர் நிஜ வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், குறைவாகக் காட்டவே கூடாது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 இதைத்தான் சொல்கிறது: காட்டும் வேகம் நிஜ வேகத்துக்குக் கீழே போகக் கூடாது, மேலே போனால் நிஜ வேகத்தில் 10 சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும் வரை போகலாம். நிஜமாக 60-இல் ஓடும் வண்டியின் மீட்டர் 70 வரை காட்டினாலும் அந்தக் கணக்கில் தேறிவிடும். டயர் தேயும், காற்று இறங்கும், கம்பெனிக்குக் கம்பெனி டயரின் அளவு கொஞ்சம் மாறும். இத்தனைக்கும் நடுவில் ஒருபோதும் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதால், தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே வைத்து அனுப்புகிறார்கள். புது வண்டியில் 5 முதல் 8 சதவீதம் கூடுதலாக இருப்பது சாதாரணம்.

எனவே சோதனை செய்வது மீட்டர் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. உங்கள் வண்டியில் அந்த இடைவெளி எவ்வளவு, எந்த வேகத்தில் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

கிளம்பும் முன் காற்று. டயர் சூடாகாத நேரத்தில், செயின் கவர் பக்கமோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இரண்டு டயரிலும் காற்றுப் பிடியுங்கள். காற்று குறைந்தால் டயர் அமுங்கி, சக்கரம் ஒரு சுற்றில் போகும் தூரம் குறையும். மீட்டர் இன்னும் கூடுதலாகக் காட்டும். அடுத்தது இடம். மேடு பள்ளம் இல்லாத, குறைந்தது அரை கிலோமீட்டராவது நேராகப் போகும் சாலை வேண்டும். கொழிஞ்சாம்பாறையைச் சுற்றிய சமவெளிச் சாலைகள் இதற்கு நல்ல தோது. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வந்து முகத்தில் அறையும். காற்றால் மீட்டர் தவறாது. ஆக்சிலேட்டரை ஒரே வேகத்தில் பிடித்து வைப்பதுதான் பெரும் பாடு. அதிகாலை ஆறு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். போக ஒரு தடவை, வர ஒரு தடவை எடுத்து சராசரி பாருங்கள்.

போனில் ஜி.பி.எஸ். வேகமானி ஆப் ஒன்று போதும். திறந்த வானத்தின் கீழ், நிலையான வேகத்தில், அது சுமார் 1 கி.மீ. பிசகுக்குள் சரியாகச் சொல்லும். "நிலையான வேகத்தில்" என்பதுதான் முக்கியம். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் போன் ஒன்றிரண்டு விநாடி பின்தங்கியே வரும். முறுக்கிக்கொண்டே போய் 60 தொட்டதும் போனைப் பார்த்து "52 தான்" என்று சொல்வது இதனால்தான் தப்பாகிறது. முள்ளை ஒரே கோட்டில் 10 விநாடியாவது நிறுத்த வேண்டும். 60-இல் 10 விநாடி என்றால் கிட்டத்தட்ட 167 மீட்டர். நேர்ச்சாலை கேட்பது அதற்காகத்தான். போனைப் பார்ப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வேலை. ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்த்து "இப்போ" என்று சொல்ல, பின்னால் இருப்பவர் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். தனியாகப் போனால், பாதையையும் வேகத்தையும் பதிவு செய்யும் ஆப்பை ஓடவிட்டுப் பையில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பாருங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் குனிந்து பார்க்கவே வேண்டாம். 50-இல் ஒரு விநாடி கண்ணை எடுத்தால் வண்டி 14 மீட்டர் போயிருக்கும்.

மரம் கவிந்த மலைச்சாலையும் உயர்ந்த கட்டிடங்களுக்கு இடைப்பட்ட தெருவும் இதற்கு ஆகாது. குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தால் சிக்னலே அறுந்துவிடும். போன் கடைசியாகக் கிடைத்த எண்ணை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும், அல்லது கோடு போட்டுவிடும்.

போனை நம்பாதவர்களுக்குக் கிலோமீட்டர் கல் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்குத் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஆன விநாடியால் 3600-ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். 60 விநாடி என்றால் 60. 72 விநாடி என்றால் 50. 90 விநாடி என்றால் 40. ஒரே ஒரு கல்லை நம்பாதீர்கள். சாலை அகலப்படுத்தும்போதும் வளைவை நேராக்கும்போதும் கற்களைப் பிடுங்கி நடுகிறார்கள். இரண்டு கற்களுக்கு நடுவே சரியாக 1000 மீட்டர் இருக்கும் என்பது நிச்சயமில்லை. ஐந்து கல் தூரம் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் கைக்கடிகாரப் பிசகும் கல்லின் பிசகும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

மீட்டரில் 30, 40, 50, 60 என்று நான்கு வேகத்தில் எடுத்த எண்களை எழுதி வையுங்கள். இனி சொல்லப்போவதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணத்தை விடுகிறார்கள்.

மீட்டர் 30-க்கு நிஜம் 28, 40-க்கு 37, 50-க்கு 46, 60-க்கு 55 என்று வந்தால், வேகம் ஏற ஏற வித்தியாசமும் ஏறுகிறது; சதவீதம் ஏறக்குறைய ஒன்றுதான். இது கம்பெனி வைத்த இடைவெளி, அல்லது டயர் அளவு. மீட்டரைத் தொட வேண்டாம். அதற்கு மாறாக 35-க்கு 30, 45-க்கு 40, 55-க்கு 50, 65-க்கு 60 என்று எல்லா வேகத்திலும் ஒரே 5 கி.மீ. தள்ளி வந்தால், முள் தண்டில் தவறிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. யாரோ கண்ணாடி மாற்றும்போதோ டயலைத் துடைக்கும்போதோ முள்ளைப் பிடுங்கித் திரும்பச் செருகியிருப்பார்கள். நின்ற வண்டியில் முள் பூஜ்ஜியத்தில் படுக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து, தூரமானியைத் தனியாகச் சோதியுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, கல்லுக்குக் கல் 10 கி.மீ. ஓடுங்கள். கேபிள் வண்டியில் தூரம் காட்டும் சக்கரங்கள் வெறும் பற்சக்கரத்தால் சுழல்பவை. வேக முள் அப்படி இல்லை: கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது, காந்தம் அலுமினியக் கிண்ணம் ஒன்றை இழுக்கிறது, மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் தடுத்து நிறுத்துகிறது. காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். தூரம் மட்டும் இரண்டிலும் மாறாது. ஆகவே தூரம் சரி, வேகம் மட்டும் பெரிதாகப் பிசகு என்றால் கோளாறு மீட்டர் தலைக்குள். தூரமும் வேகமும் ஒரே சதவீதத்தில் தள்ளியிருந்தால் சக்கரத்திலோ, அச்சில் இருந்து கேபிளைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான மீட்டர் பினியனிலோ. டிஜிட்டல் வண்டியில் இரண்டும் ஒரே சென்சாரிலிருந்து வந்தாலும், கூட்டிக் காட்டுவது வேகத்துக்கு மட்டும்தான். தூரம் பெரும்பாலும் நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கும். தூரமே 5 சதவீதம் கூடுதலாக ஓடுகிறதென்றால் உங்கள் மைலேஜ் கணக்கும் பொய்: லிட்டருக்கு 60 என்று சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் 57.

குறைத்துக் காட்டும் வண்டிகளுக்கு வருவோம். ஆபத்து இங்கேதான். மூல காரணம் பெரும்பாலும் உரிமையாளரே செய்த மாற்றம். டயர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். 80/100-17 என்றால் அகலம் 80 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 100 சதவீதம், அதாவது 80 மி.மீ. 17 அங்குல ரிம் 431.8 மி.மீ. மேலும் கீழும் 80 சேர்த்தால் விட்டம் 591.8, சுற்றளவு சுமார் 1859 மி.மீ. அகலமான டயர் வேண்டுமென்று 100/80-17 போட்டாலும் பக்கச்சுவர் அதே 80. மீட்டர் கணக்கில் எதுவும் மாறாது. ஆனால் 100/90-17 போட்டால் பக்கச்சுவர் 90, சுற்றளவு சுமார் 1922. ஒரு சுற்றுக்கு 3.4 சதவீதம் கூடுதல் தூரம். மீட்டருக்கு அது தெரியாது, அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

சில பைக்குகளில் சென்சார் முன்சக்கரத்தில் இல்லாமல் கியர்பாக்ஸில் இருக்கிறது. அங்கே முன்டயரை மாற்றினால் ஒன்றும் ஆகாது. செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் ஆகும். 14 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால் அதே மீட்டர் எண்ணுக்கு நிஜ வேகம் 7.1 சதவீதம் ஏறுகிறது. மீட்டர் 60-இல் முன்பு 56 போன வண்டி இப்போது சரியாக 60 போகும். கம்பெனி கொடுத்த பாதுகாப்பு இடைவெளி முழுவதும் போய்விட்டது. கூடவே பின்னால் 100/90-17 எடுத்துவிட்டு 120/80-17 போட்டால் இன்னொரு 2 சதவீதம். மீட்டர் 60, நிஜம் 61. அந்தச் சலான் வந்த கதை இப்படித்தான்.

டயர் தேய்வது எதிர்ப்பக்கம் இழுக்கும். 4 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 8 மி.மீ. குறைந்து, மீட்டர் ஒன்றே கால் சதவீதத்துக்குச் சற்று மேல் கூட்டிக் காட்டும். பழைய டயரில் எடுத்த கணக்கைப் புது டயருக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுற்றளவை நேரில் அளப்பதும் எளிது. சிமென்ட் தரையில், ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்க, டியூப் வால்வு நேர் கீழே வரும்போது தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். வண்டியைத் தள்ளி ஐந்து சுற்று எண்ணி மீண்டும் கோடு. டேப்பால் அளந்து ஐந்தால் வகுங்கள். கணக்கில் வரும் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், பாரத்தில் டயர் அமுங்குவதால். மீட்டர் உணர்வது இந்த எண்ணைத்தான்.

முள் ஆடினால் கேபிள். உள் ஒயர் காய்ந்து துருப்பிடித்திருக்கும். மழைக்காலத்திலும் வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்த பிறகும் இது அதிகம். ஒயரை உருவித் துணியால் துடைத்து, விரலில் எடுத்த மெல்லிய கிரீஸைத் தடவுங்கள். மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குக் கிரீஸே வேண்டாம். தாராளமாகப் பூசினால், சுழலும் ஒயர் அதை மேலே ஏற்றி மீட்டர் தலைக்குள் தள்ளிவிடும். பிறகு கிண்ணமும் காந்தமும் ஒட்டிக்கொண்டு முள் 80, 100 என்று பாயும். செருகும்போது ஒயரை மெல்லத் திருகினால் சதுர முனை பொந்தில் உட்காரும். மேல் நட்டைக் கையால் முறுக்கினால் போதும். மீட்டரில் மாட்டும் முன் மேல்முனை வெளியே இருக்கும்போது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்: ஒயர் சுழன்றால் கீழே எல்லாம் சரி; சுழலாவிட்டால் ஒயர் அறுந்திருக்கும், இல்லையென்றால் பினியன் தேய்ந்திருக்கும்.

பஞ்சர் போட்ட மறுநாள் மீட்டர் செத்தால் முதலில் முன்சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். பினியன் பெட்டிக்குள் இருக்கும் நாக்கு ஹப்பின் வெட்டில் உட்காராமலேயே அச்சை முறுக்கியிருப்பார்கள், நாக்கு நசுங்கிவிடும். டிரம் பிரேக் வண்டியில் இந்தப் பினியன் பிரேக் பிளேட்டிலேயே இருக்கிறது. அங்கே கிரீஸைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீர்கள். சூட்டில் உருகி பிரேக் ஷூவில் இறங்கினால் மீட்டர் ஓடும், பிரேக் பிடிக்காது.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் மீட்டர் விட்டு விட்டு வேலை செய்து, ஏ.பி.எஸ். விளக்கும் நிற்காமல் எரிந்தால், மீட்டரை மாற்றச் சொல்லி யாராவது சொன்னாலும் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். சக்கரத்தின் பல்வளையத்தில் சேறோ இரும்புத்தூளோ அப்பியிருக்கிறதா, வளையம் வளைந்திருக்கிறதா, சென்சார் ஒயர் ஃபோர்க்கில் உரசி அறுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

எடுத்த நான்கு எண்களையும், அன்றைய டயர் அளவையும் காற்றளவையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை டயரோ ஸ்ப்ராக்கெட்டோ மாற்றும் நாளில் மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.