யோகுல்லோய்ப்: பனியாற்றுப் பாய்வெள்ளம்

ஐஸ்லாந்து மொழியில் ‘யோகுல்’ என்பது பனியாறு, அதாவது மெல்ல நகரும் பெரும்பனித்திரள். ‘லோய்ப்’ என்பது ஓட்டம் அல்லது பாய்ச்சல். இவ்விரண்டும் இணைந்த ‘யோகுல்லோய்ப்’ என்னும் சொல், பனியாற்றின் அடியிலோ விளிம்பிலோ தேங்கிய நீர் திடீரென விடுபட்டுத் தாழ்நிலத்தை நோக்கி ஓடும் வெள்ளத்தைக் குறிக்கிறது. அறிவியலார் இதை மொழிபெயர்க்காமலே எடுத்துக்கொண்டதால் இன்று உலகெங்கும் கலைச்சொல்லாக வழங்குகிறது. ஆனால் பிறந்த ஊரில் இது கலைச்சொல் அன்று. குழந்தை ஓடினாலும் குதிரை ஓடினாலும் ‘லோய்பா’ என்னும் அதே வினைதான்; ஆறு ஓடிவந்தால், அந்த ஆற்றின் பெயரோடு ‘லோய்ப்’ சேரும்.

ஐஸ்லாந்தில் இச்சொல் தழைத்ததற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. அங்கே காட்லா, கிரிம்ஸ்வோட்ன் முதலிய எரிமலைகள் பல நூறு மீட்டர் தடித்த பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கின்றன. எரிமலை குமுறினால் பனி விரைவாக உருகும். குமுறாவிட்டாலும் அடிச்சூட்டில் சிறிது சிறிதாக உருகிய நீர் மறைவான ஏரியாகத் தேங்கி, அழுத்தம் மிகும்போது தன்னை அடைத்திருக்கும் பனியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். 1996 செப்டம்பர் 30 அன்று நிலத்தைக் கவிந்து மூடிய வாட்னா என்னும் பெரும்பனிப் பரப்பின் அடியில் தொடங்கிய குமுறலில் உருகிய நீர், கிரிம்ஸ்வோட்ன் எரிமலைக் குழியில் பனிக்கு அடியில் உள்ள ஏரியில் ஐந்து வாரம் சேர்ந்து, நவம்பர் 5 அன்று புறப்பட்டது. உச்சத்தில் நொடிக்கு ஏறத்தாழ 50,000 கன மீட்டர் நீர், வீட்டளவு பனிப்பாளங்களைச் சுமந்துகொண்டு கடற்கரை மணல்வெளியில் பரவிப் பாலங்களைப் பெயர்த்தது. வெள்ளம் வரும் என்று முன்பே தெரிந்திருந்ததால் சாலை மூடப்பட்டிருந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. முறுக்கிக்கொண்ட இரும்பு உத்தரங்கள் இன்றும் அந்தச் சாலையோரம் நினைவுச்சின்னமாகக் கிடக்கின்றன.

காட்லா இவ்வளவு அவகாசம் தருவதில்லை. 1918 அக்டோபர் 12 அன்று அது வெடித்தபோது, மேய்ச்சலில் விட்ட ஆடுகளைத் திரட்டச் சென்றிருந்த உழவர்கள் குதிரைகளை விரட்டி மயிரிழையில் தப்பினர். வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலால் கடற்கரையே முன்னோக்கி நகர்ந்தது. அதனால்தான் வீக் என்னும் சிற்றூரில், காட்லா விழித்தால் எல்லாரும் குன்றின்மேல் உள்ள தேவாலயத்துக்கு ஏற வேண்டும் என்பது சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. பனியாற்றிலிருந்து வரும் ஆற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அடியில் எரிமலை நீர் கலந்திருக்கிறது என்பதையும் அப்பகுதியினர் அறிவர். கருவிகள் அளப்பதற்கு முன்னரே மூக்கு அறிந்துவிடக்கூடிய எச்சரிக்கை இது.

2006 மார்ச்சில் அப்பகுதியில் வெளியேற்ற ஒத்திகை ஒன்று நடந்தது. கைப்பேசிக்குச் செய்தி வரும். வீட்டைவிட்டுக் கிளம்புவோர், கிளம்பிவிட்டதைக் காட்டும் அட்டையை வெளியே தொங்கவிட வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரலில் அருகிலுள்ள எய்யாபியாட்லயோகுல் எரிமலை வெடித்தபோது சுமார் 800 பேரை நள்ளிரவில் வெளியேற்ற முடிந்ததற்கு இந்தப் பழக்கம் கைகொடுத்தது. ஆயினும் திட்டம் தீட்டியவர்கள் சொன்னதை எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று கொள்ளலாகாது. மணல்வெளியின் நடுவே மேட்டில் வாழும் உழவர்கள் சிலர், வெள்ளப் பாதையைக் கடந்து வெளியேறுவதே கூடுதல் ஆபத்து என்று கருதினர். 1755இல் காட்லாவின் சாம்பல் மேகத்திலிருந்து இறங்கிய மின்னலில் இருவர் இறந்த செய்தியும் அவர்கள் நினைவில் இருந்தது. விழிப்புணர்வு என்பது மேலிருந்து கீழே சொல்லிக் கொடுப்பது மட்டுமன்று. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டறிவதும் அதில் அடங்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

யோகுல்லோய்ப்புக்கு நெருங்கிய உறவுடைய சொல் ‘லஹார்’. இது ஜாவா மொழிச் சொல். எரிமலைச் சாம்பலும் நீரும் குழைந்து ஓடும் சேற்றுப்பெருக்கு. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை சிறிய அளவில்தான் வெடித்தது. உச்சியில் உருகிய பனி சேறாகி இரண்டரை மணி நேரத்தில் ஆர்மேரோ நகரை அடைந்தது. சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். ஆபத்துப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே வெளியாகியிருந்தது. வரைபடம் இருந்தது, மேட்டுக்கு ஏறுங்கள் என்ற சொல் உரிய நேரத்தில் மக்களைச் சென்று சேரவில்லை.

இனித் தமிழ். நம் செய்திகளில் இத்தகைய வெள்ளங்களைப் ‘பனிப்பாறை வெடிப்பு’ என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. இரண்டு பகுதிகளுமே பிழை. பனிப்பாறை என்பது கடலில் மிதக்கும் கட்டியையும் குறிப்பதால் குழப்பம் தரும். பாடநூல்களில் உள்ள ‘பனியாறு’ என்பதே தெளிவானது. ‘வெடிப்பு’ என்றதும் படிப்பவர் மலையுச்சியைப் பார்ப்பாரேயன்றி, ஆபத்து வந்துசேரும் ஆற்றங்கரையைப் பார்க்க மாட்டார்.

கரை உடைந்து பாயும் பனியேரிகளுக்கு, 2023 அக்டோபரில் சிக்கிமில் தென் லோனாக் ஏரியில் நேர்ந்ததைப் போன்றவற்றுக்கு, ‘உடைப்பு’ என்னும் நம் உழவர் சொல்லே போதும்: பனியேரி உடைப்பு வெள்ளம். எரிமலைப் பகுதியிலோ நீர் பெரும்பாலும் பனிக்கு அடியில் வழி தேடி வெளிவருகிறது. அங்கே ‘லோய்ப்’ என்பதற்கு நேரான வினை நம்மிடம் ஏற்கெனவே உண்டு. புலியும் பாயும், வாய்க்காலில் தண்ணீரும் பாயும். ‘பாய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் வயலுக்கு நீர் பாய்ச்சுவது நினைவுக்கு வந்துவிடும் என்பதால், ‘பனியாற்றுப் பாய்வெள்ளம்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். “இது பனியாற்றுப் பாய்வெள்ளம் வரும் வழி, நாற்றம் வீசினாலோ ஆறு திடீரென உயர்ந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள்” என்று ஒரு பலகையில் எழுதினால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அது விளங்கும்.