அப்பத்தா காலத்தில் ஏது தைராய்டு?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் அப்பத்தா காலத்தில் வீட்டில் கல்லுப்புதான். பீங்கான் ஜாடி நிறைய இருக்கும். யாருக்கும் தைராய்டு என்று கேள்விப்பட்டதில்லை. இப்போது எனக்கு, என் நாத்தனாருக்கு, எதிர்வீட்டு ஆச்சிக்கு என்று தெருவுக்கு நாலு பேர் காலையில் மாத்திரை போடுகிறோம். அயோடின் உப்புதான் காரணம், இந்துப்புக்கு மாறுங்கள் என்று சொந்தக்காரர்கள் வாட்ஸாப்பில் தினமும் அனுப்புகிறார்கள். மாறலாமா?"

மாற வேண்டாம். ஏன் என்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில் அப்பத்தா. அவருக்கு யாரும் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்கவில்லை. உடம்பு கனத்தது, முடி கொட்டியது, நாளெல்லாம் அசதி, மார்கழியில் மற்றவர்களைவிட அதிகக் குளிர் என்றால் "வயசாச்சுல்ல" என்று முடித்துவிட்டார்கள். இன்று காரைக்குடியில் காலையில் ரத்தம் கொடுத்தால் மாலையில் முடிவு கையில். கண்டுபிடிப்பது கூடினால் கணக்கும் கூடத்தான் செய்யும்.

அடுத்தது கல்லுப்பு. "கடலிலிருந்து வருகிற உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்குமே, எதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதே லிட்டரில் அயோடின் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம். அத்தனையும் உப்போடு தங்கிவிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு கிராம் உப்பில் 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. உண்மையில் அதுவும் தங்குவதில்லை. பாத்தியில் உப்பு படியும்போது அயோடினில் பெரும்பகுதி மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. கல்லுப்பை மட்டும் நம்பினால் ஒரு நாளைக்கு 75 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். சிறுநீரகம் என்ன பாடுபடும்! இந்துப்பும் ஒரு பழைய கடல் வற்றி விட்டுப்போன உப்புதான். அதற்கும் இதே கதி.

கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதாவது கிராமுக்கு 15 மைக்ரோகிராம். நாம் நாளொன்றுக்குச் சாப்பிடும் உப்பு சுமார் 10 கிராம். பெருக்கிப் பாருங்கள், 150 வரும். (5 கிராமுக்குக் கீழே குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைத்தாலும் பால், முட்டை, கடல்மீன் மிச்சத்தை ஓரளவு ஈடுகட்டும்.)

இந்தப் பதினைந்தைக் கண்ணால் பார்க்கலாம். கிராம சுகாதார செவிலியர்கள் கொண்டுவரும் உப்புச் சோதனைப் புட்டியை ஒருமுறை வாங்கி, ஒரு தட்டில் இரண்டு சிறு குவியல் வைத்துப் பார்த்தேன். ஒன்று பாக்கெட் தூள் உப்பு, இன்னொன்று வாரச் சந்தையில் மூட்டையிலிருந்து அளந்து வாங்கிய கல்லுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. தூள் உப்பு கண் சிமிட்டுவதற்குள் கருநீலம். கல்லுப்பு கடைசிவரை வெள்ளை. புட்டிக்குள் இருப்பது கொஞ்சம் அமிலம், பொட்டாசியம் அயோடைடு, ஸ்டார்ச். உப்பில் அயோடேட் (உப்பில் சேர்க்கும் அயோடினின் வடிவம்) இருந்தால் அது அயோடைடோடு சேர்ந்து தனி அயோடினை விடுவிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ச் நீலமாகும். பத்தாம் வகுப்பு வேதியியல்தான்.

சரி, இந்தத் துளி அயோடின் உள்ளே போய் என்ன செய்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் போகிறேன்.

தைராய்டு கழுத்தில் குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. 20 கிராம் இருந்தால் அதிகம். உருப்பெருக்கியில் பார்த்தால் முழுக்க முழுக்கச் சின்னஞ்சிறு உருண்டைகள். நம் ஊர்ப் பெரிய வீட்டின் வளவை நினைத்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் அறைகள், நடுவில் முற்றம். உருண்டையிலும் அப்படித்தான். சுற்றிலும் ஒரே வரிசை செல்கள், நடுவில் கெட்டியான கூழ் நிரம்பிய வெளி. ரத்தம் வருவது அறைகளின் வெளிப்பக்கமாக. சரக்கு சேமிப்பது முற்றத்தில்.

ரத்தத்தில் அயோடின் இருப்பது ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்திருக்கும் அயோடைடு வடிவில். அதுவும் மிக மிகக் குறைவு. அதைச் செல் தன் பலத்தில் உள்ளே இழுக்க வேண்டும். இதற்கென்று செல்லின் வெளிச்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது, சோடியம்-அயோடைடு கடத்தி. சோடியத்துக்கு எப்போதும் செல்லுக்குள் நுழையத் துடிப்பு. கடத்தி அந்தத் துடிப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது: இரண்டு சோடியம் உள்ளே போகும்போது ஒரு அயோடைடையும் கூடவே இழுத்துப் போட்டுவிடும். இப்படி ரத்தத்தில் இருப்பதைப் போல 20 முதல் 40 மடங்கு அயோடைடைச் செல் சேர்த்துவிடுகிறது. இந்தக் கடத்திக்கான மரபணு 1996-ல்தான் பிடிபட்டது.

மரவள்ளிக்கிழங்கும் முட்டைகோஸும் தைராய்டுக்கு ஆகாது என்கிற பேச்சும் இந்த வாசலில்தான் வந்து நிற்கிறது. அவற்றிலிருந்து உடம்பில் உண்டாகும் தயோசயனேட், கடத்தியில் அயோடைடின் இடத்தில் வந்து முட்டும். அயோடின் போதுமான அளவு கிடைப்பவருக்கு அது பொருட்டே இல்லை. அயோடினும் குறைவு, மூன்று வேளையும் மரவள்ளிதான் சாப்பாடு என்றால் மட்டுமே தொல்லை.

உள்ளே வந்த அயோடைடு முற்றத்தின் ஓரத்துக்குப் போகிறது. அங்கே தைராய்டு பெராக்ஸிடேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்ஸைடின் துணையோடு அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. எலக்ட்ரானை இழந்த அயோடின் சும்மா இருக்காது, எதிலாவது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளத் தோதாக முற்றம் நிறைய தைரோகுளோபுலின் என்ற மகாப் பெரிய புரதம். இரட்டைச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் 2,700-க்கு மேல் அமினோ அமிலங்கள். அவற்றில் டைரோசின் என்பதன் வளையத்தில் அயோடின் ஒன்றோ இரண்டோ போய் ஏறும். பிறகு இரண்டு அயோடின் ஏறிய ஒரு டைரோசினின் வளையம் அப்படியே கழன்று, அதேபோல இரண்டு ஏறிய இன்னொரு டைரோசின் மேல் போய் அமர்கிறது. இரண்டும் இரண்டும் நாலு. அதுதான் டி4, தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான்.

அவ்வளவு பெரிய புரதத்தைக் கட்டி, அதில் கிடைப்பது ஏதோ சில ஹார்மோன் மூலக்கூறுகள்! வீண் செலவு மாதிரித் தெரியும். ஆனால் டி4 இன்னும் விடுபடவில்லை, புரதத்தோடு ஒட்டியபடியே முற்றத்தில் கிடக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி டி.எஸ்.எச். அனுப்பியதும் செல்கள் முற்றத்துக் கூழைச் சொட்டுச் சொட்டாக விழுங்கி, புரதத்தை நறுக்கி, ஹார்மோனை மட்டும் ரத்தத்துக்கு விடுகின்றன. ஹார்மோனாகாமல் மிஞ்சிய துண்டுகளை எறிந்துவிடாமல், அவற்றிலிருந்து அயோடினை உருவி மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. கடலோரம் வாழாத உயிருக்கு அயோடின் எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அதனால் இரண்டு மூன்று மாதத்துக்குச் சரக்கு எப்போதும் கையிருப்பில். இத்தனை சிக்கனமாக நடக்கும் வேறொரு சுரப்பி எனக்குத் தெரியாது.

வரத்து குறைந்தால்? டி4 குறையும், பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டும், செல்கள் பெருகும், சுரப்பி வீங்கும். முன்கழுத்துக் கழலை என்பது கிடைப்பதை ஒன்றுவிடாமல் பிடிக்கச் சுரப்பி படும் பாடு. அதைவிடப் பெரிய நஷ்டம் வயிற்றுப் பிள்ளைக்கு. முதல் மூன்று மாதம் கருவின் மூளை அம்மாவின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது.

1956-ல் மருத்துவ ஆராய்ச்சியாளர் வி. ராமலிங்கசுவாமியின் குழு இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தது. சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் அப்படியே இருந்தது. 1962-ல் வந்த தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்துக்கு அடிப்படை இதுதான். உப்பைப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் பல வருஷம் காத்திருக்கும் ஆராய்ச்சிக்கு இன்று யார் பணம் தருவார்கள் என்று தெரியவில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. எலக்ட்ரானைப் பிடுங்குவதையும் கொடுப்பதையும் படிக்கும் இடம் அது. 'இதனால் என்ன லாபம்' என்ற கேள்விக்கு மறுநாளே பதில் வேண்டும் என்றால் அந்த மாதிரி இடம் எந்த ஊருக்கும் வராது.

வாட்ஸாப் செய்தியில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். அயோடின் திடீரென்று கொட்டினால் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதையே நிறுத்திவைக்கும். 1948-ல் வுல்ஃப், சைகாஃப் இருவரும் எலிகளில் கண்டது இது. ஆரோக்கியமான சுரப்பி கடத்திகளைக் குறைத்துக்கொண்டு ஓரிரு நாளில் சமாளித்துவிடும். ஏற்கெனவே பழுதுபட்ட சுரப்பி சில சமயம் சமாளிக்காது. டென்மார்க்கில் 2000-ல் அயோடின் உப்பைக் கட்டாயமாக்கிய பிறகு தைராய்டு குறைபாடு கொஞ்சம் கூடியது. ஆனாலும் அவர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை, ஏனென்றால் பற்றாக்குறையின் விலை அதைவிடப் பெரிது. பயப்பட வேண்டியது அடுப்படி உப்பைப் பார்த்து அல்ல, "தைராய்டு சப்போர்ட்" என்று விற்கும் கடல்பாசி மாத்திரைகளைப் பார்த்து. ஒரே மாத்திரையில் பல நாள் அயோடின் இருக்கக்கூடும்.

இனி வாசகியின் விஷயம். அயோடின் உப்பு புழங்கும் ஊரில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. உப்பை மாற்றினால் அது நிற்காது. அதே சமையலைச் சாப்பிடும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் அயோடின் குறைவதுதான் மிச்சம். கல்லுப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பு பாக்கெட்டில் கிடைக்கிறது. அயோடேட்டைக் கரைசலாகத் தெளிப்பதால் அது பெரும்பாலும் பரலின் மேற்பரப்பில்தான் இருக்கும், எனவே அலசாதீர்கள். ஜாடியை மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன்னால் மட்டும் சில நாள் அயோடினைக் குறைக்கச் சொல்வார்கள், அதை மருத்துவர் சொல்லட்டும். மாத்திரையைப் பொறுத்தவரை உப்பைவிடக் காபிதான் எதிரி: வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரைமணி நேரமாவது கழித்து டபராவைத் தொடுங்கள்.