டிஜிட்டல் பிளாக்ஃபேஸ்: தமிழில் என்ன சொல்வது?

பொருள் முதலில். கறுப்பினத்தவர் அல்லாத ஒருவர் தன் கோபத்தையோ நக்கலையோ கும்மாளத்தையோ காட்ட, இணையத்தில் ஒரு கறுப்பினத்தவரின் முகத்தையோ குரலையோ பேச்சுப் பாணியையோ எடுத்து மாட்டிக்கொள்வதுதான் டிஜிட்டல் பிளாக்ஃபேஸ். 2006இலேயே ஒரு முதுகலை ஆய்வேட்டின் தலைப்பில் இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் ஊரெல்லாம் பரவியது 2017இல், ரியாக்‌ஷன் ஜிஃப்களை (பதிலுக்குப் போடும் சின்ன அசையும் படங்களை)ப் பற்றி எழுத்தாளர் லாரன் மிஷேல் ஜாக்சன் டீன் வோக் இதழில் எழுதிய பிறகுதான். கண்ணை உருட்டுவது, கையை வீசி அலறுவது, உதட்டைச் சுழிப்பது என்று மிகையான உணர்ச்சி தேவைப்படும்போதெல்லாம் வெள்ளையர்களின் விரல் ஏன் கறுப்பு முகத்தையே தேடிப் போகிறது என்பதுதான் அவர் கேட்டது.

இதில் பிளாக்ஃபேஸ் என்ற பாதி ரொம்பப் பழையது. 1830களில் தாமஸ் டார்ட்மவுத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் கார்க்கை எரித்த கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கந்தல் உடுத்தி, 'ஜிம் க்ரோ' என்ற பாத்திரமாக ஆடினார். கூட்டம் அள்ளியது. பிற்பாடு அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனப் பிரிவினைச் சட்டங்களுக்கே அந்தப் பாத்திரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1843இல் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழு நியூயார்க்கில் இதை முழுநீளக் கச்சேரியாகவே ஆக்கியது. ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம், பிபிசி 1958 முதல் 1978 வரை இதே பாணியில் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ரைஸ் இல்லை, பெர்ட் வில்லியம்ஸ். அவர் கறுப்பினத்தவர், நிறம் கொஞ்சம் வெளிர். அப்படிப்பட்டவரே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையேறக் கரி பூசிக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நிஜக் கறுப்பரைவிடத் தாங்கள் கற்பனை செய்து வைத்திருந்த கறுப்பர்தான் வேண்டியிருந்தார். யார் எதற்குக் கைதட்டுகிறார்களோ அதுதான் மேடையில் நிற்கும். இன்று கைதட்டலுக்குப் பதில் லைக், ஷேர்.

உதாரணம் வேண்டுமா, 2010 ஜூலைக்குப் போவோம். அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் ஒருவன் வீடு புகுந்து ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயன்றான், அவளுடைய சகோதரர், கறுப்பினத்தவரான அன்ட்வான் டாட்சன் ஓடிவந்து அவளைக் காப்பாற்றினார். தலையில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருந்த அவர், பிள்ளைகளை ஒளித்து வையுங்கள், மனைவியை ஒளித்து வையுங்கள் என்று உள்ளூர் டிவி கேமராவைப் பார்த்துக் கொதித்தார். சில நாட்களில் கிரெகரி பிரதர்ஸ் குழு அந்தப் பேட்டியை ஆட்டோட்யூன் (பேச்சை ராகமாக்கும் மென்பொருள்) போட்டுப் பாட்டாக்க, அது அமெரிக்காவின் முன்னணிப் பாடல் பட்டியலான பில்போர்டு ஹாட் 100 வரை போனது. வருமானத்தில் டாட்சனுக்கும் பங்கு கிடைத்தது, குடும்பத்துக்கு வீடு வாங்கினார், அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். யார் யாரோ அவர் குரலில் பாடிப் பதிவேற்றினார்கள். அந்த ஆண்டு, வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகைக்கு அவரைப் போல வேடமே விற்றது. ஒரு பலாத்கார முயற்சி பற்றிய பேச்சு அது என்பது எந்த இடத்தில் காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 2013இல் கிளீவ்லாண்டில், பத்தாண்டு அளவுக்கு அடைபட்டுக் கிடந்த பெண்கள் வெளியே வர உதவிய பக்கத்து வீட்டுக் கறுப்பினத்தவர் சார்ல்ஸ் ராம்சிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஊரே சிரித்தது அவர் பேசிய விதத்துக்கும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸுக்கும்.

டிக்டாக் நடனச் சண்டையையும் சிலர் இதே சொல்லில் அடைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2019இல் அட்லாண்டாவைச் சேர்ந்த 14 வயது ஜலையா ஹார்மன் அமைத்த 'ரெனகேட்' ஆட்டத்தை ஆடிப் பெரிய பெயர் வாங்கியவர்கள் சார்லி டமீலியோ போன்ற வெள்ளைப் பிரபலங்கள். 2021 ஜூனில் கறுப்பினப் படைப்பாளிகள் புதுப் பாட்டுக்கு ஆட்டம் அமைக்காமல் வேலைநிறுத்தமே செய்தார்கள். அங்கே பறிபோனது உழைப்பும் பெயரும். வேடம் யாரும் கட்டவில்லை. அதைக் களவு என்றே சொல்லலாம்.

வேடம் அப்படியே திரும்பி வந்திருப்பது ஏஐ வீடியோக்களில். 2025 கடைசியில் அமெரிக்க அரசு முடங்கி உணவு உதவி தடைபட்டபோது, கறுப்பினப் பெண்கள் கடைக்குள் கத்துவது போலவும் ஓசிச் சாப்பாடு கேட்டு வம்பு செய்வது போலவும் செய்த வீடியோக்கள் பறந்தன. அந்த உதவி வாங்குவோரில் எண்ணிக்கையில் பெரிய பிரிவு வெள்ளையர்கள்தான். ஆனால் அவர்களைக் காட்டினால் லைக் விழாது. ஃபாக்ஸ் நியூஸ் தளம்கூட இந்த வீடியோக்களை நிஜம் என்று எழுதிவிட்டுப் பிறகு மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது கரிகூட வேண்டாம், நாலு வரி தட்டினால் போதும்.

சரி, தமிழில் என்ன? 'கரிமுகம்' என்று போனால் பிள்ளையார் வந்து நிற்பார், கரி என்றால் யானையும்தான், கரிமுகன் அவர்தானே. 'முகத்தில் கரி பூசுதல்' ஏற்கெனவே அவமானப்படுத்துவதற்கு ஆகிவிட்டது, அதுவும் அடுத்தவன் முகத்தில் பூசுவது. இங்கே பூசிக்கொள்வது தன் முகத்தில். அதனால் பிளாக்ஃபேஸுக்குக் 'கறுப்பர் வேடம்' என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டுகிறவன், பார்க்கிறவன், காசு மூன்றும் 'வேடம்' என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. டிஜிட்டல் என்பதற்கு 'எண்ணிம' போட்டால் பாதிப் பேர் கணக்குப் பாடம் என்று நினைப்பார்கள், நடப்பது இணையத்தில்தான் என்பதால் 'இணையவழிக் கறுப்பர் வேடம்' போதும். வினையாக 'வேடம் கட்டுதல்'.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கறுப்பினக் கலைஞரின் ஜிஃபை எப்போதாவது அனுப்பியவனையெல்லாம் வேடதாரி என்று திட்டினால் சொல் தேய்ந்துவிடும். 2020இல் நம் வாட்சாப் குழுக்களில் சுற்றிய கானா நாட்டுச் சவப்பெட்டி நடனக்காரர்கள் தங்கள் தொழிலைத் தாங்களே பெருமையாக ஆடிக் காட்டியவர்கள், அதைப் பகிர்ந்தது வேடம் ஆகாது. கறுத்த நண்பனைக் கிண்டல் செய்ய ஓர் ஆப்பிரிக்கக் குழந்தையின் ஸ்டிக்கரைப் போடுகிறோமே, அதற்கும் இந்தச் சொல் வேண்டாம். நிறவெறி என்ற சொல்லே இருக்கிறது.