லாஸ்ட் பாஸ் எப்படி 'ரஸுபொஸு' ஆனாரு

ஜப்பான்ல பசங்க கேம் ஆடும்போது பேசுறதக் கேட்டா பாதி வார்த்தை இங்கிலீஷ்ல இருந்து வந்ததுதான், ஆனா அத ஒரு இங்கிலீஷ்காரன் கேட்டா முழிப்பான். ஏன்னா உள்ள வந்த வார்த்தைய அவங்க நல்லா சமைச்சுடுறாங்க.

முதல்ல உயிரெழுத்து ஒட்டும். ஜப்பானிய மொழியில 'ன்' தவிர வேற மெய்யில வார்த்தை முடியாது, ல-வும் கிடையாது ர-தான், அதனால லாஸ்ட் பாஸ், அதாவது கேம் கடைசில வர்ற பெரிய வில்லன், 'ரஸுடொ பொஸு' ஆயிடும். நாம பஸ்ஸு, ரோடுன்னு சொல்ற மாதிரிதான், என்ன அவங்க நடுவுலயும் சொருகுவாங்க. இப்படி ஒட்டுனா வார்த்தை நீளமாயிடுதுல்ல, அடுத்து கத்தரி. அவங்க பேச்ச அளக்குறது மோரா கணக்குல, கிட்டத்தட்ட நம்ம மாத்திரை மாதிரி. ரெண்டு வார்த்தை சேர்ந்தா பெரும்பாலும் ஒவ்வொண்ணுலயும் முன்னாடி ரெண்டு மோராவ வெட்டி, நாலு மோராவுல முடிச்சுடுவாங்க. அப்படித்தான் ரஸுபொஸு. பாக்கெட் மான்ஸ்டர் போகெமோன் ஆனதும், 1983ல நிண்டெண்டோ விட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் ஃபமிகோன் ஆனதும் இதே வெட்டுதான். எனக்குப் பிடிச்சது 'ரிஸெமரா', அதாவது ரீசெட் மாரத்தான்: மொபைல் கேம்ல ஆரம்பத்துல ஓசியா குடுக்குற குலுக்கல்ல நல்ல கேரக்டர் விழுற வரைக்கும் ஆப்ப அழிச்சு அழிச்சு திரும்ப ஏத்துறது. இங்கிலீஷ்ல இப்படி ஒரு வார்த்தையே கிடையாது, அவங்களே செஞ்சுகிட்டது.

வினைச்சொல்லு இன்னும் ஜோரு. நாம 'சேவ் பண்ணு'ன்னு பண்ணு போட்டு ஓட்டுற மாதிரி அவங்களும் 'ஸுரு' போடுவாங்க, ஆனா சில வார்த்தைக்கு அதுகூட வேணாம்னு நேரா 'ரு' ஒட்டிடுறாங்க. கேம்ல பக், அதாவது கோளாறு, வந்தா 'பகுரு', வந்துடுச்சுன்னா 'பகுத்தா', வராதுன்னா 'பகுரனை', அசல் ஜப்பானிய வினை மாதிரியே வளையுது. லேக் ஆச்சுன்னா, அதாவது கேம் இழுத்து இழுத்து ஓடுனா, 'ரகுய்', அது பெயரடை, அதுக்கும் இறந்தகாலம் உண்டு, 'ரகுகத்தா'ன்னு.

அர்த்தமும் மாறும். இங்கிலீஷ் 'சீட்' (cheat)னா நமக்கு ஏமாத்து வேலை, அங்க அந்த அர்த்தத்தோட கூட, 'அநியாயத்துக்கு பவர்'னு பாராட்டாவும் ஆயிடுச்சு. ரஸுபொஸு கேம விட்டே வெளிய வந்துட்டாரு. கோபயாஷி சச்சிகோன்னு ஒரு பாடகி, பல வருஷமா வருஷக் கடைசி ராத்திரி ஜப்பான் பொது டிவியான என்எச்கே நிகழ்ச்சியில மேடையவே அடைக்கிற சைஸ்ல டிரெஸ் போட்டு வந்துட்டிருந்தாங்க, அதப் பாத்துட்டு நெட்ல பசங்க வச்ச பேரு ரஸுபொஸு. அந்தம்மாவும் கோச்சுக்காம ஏத்துக்கிட்டாங்க.