மயக்கம் கொடுக்கிறவர் யாருங்க?

கோவை அவிநாசி ரோட்டில் ஏதாவது ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசைப் பக்கம் அரை மணி நேரம் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: “ஏனுங்க, ஆப்பரேசன் பண்ற டாக்டரு எம்.எஸ்.ஸுங்களா, எம்.சி.ஹெச்.சுங்களா?” ஈரோட்டிலும் கோபியிலும் இதே கேள்விதான். எம்.எஸ். என்பது அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு, எம்.சி.ஹெச். அதற்கும் மேல் ஒரு படி. கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் கேள்வி அதோடு நின்றுவிடுகிறது. மயக்கம் கொடுக்கப் போகிறவர் யார், அறுத்தெடுத்த கட்டியைப் பார்த்துச் சொல்லப் போகிறவர் யார், ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் இருக்கப் போகிறவர் யார் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

மருத்துவத் துறைகளுக்குள் ஒரு படிக்கட்டு உண்டு. அது எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால், நோயாளியாகப் போகும்போது அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மேற்படிப்புக்கு எழுதும் நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறுக்கு 1 போகும். ஒரு கேள்வி புரண்டால் 5 மதிப்பெண் வித்தியாசம். 2 லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வில், மதிப்பெண்கள் நெருக்கியடிக்கும் நடுப்பகுதியில் இந்த ஐந்தே ரேங்கை ஆயிரக்கணக்கில் தள்ளிவிடும். கவுன்சலிங்கில் ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் துறை), தோல், பொது மருத்துவம் முதலில் தீரும். அப்புறம் குழந்தைகள் நலம், மகப்பேறு, எலும்பு. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, தடயவியல், சமூக மருத்துவம் எல்லாம் வால் பகுதி. இவற்றில் இடங்கள் காலியாகவே கிடக்கும். அந்தக் காலியிடங்களை நிரப்பத்தான் 2023 செப்டம்பரில் தகுதிப் பர்சன்டைல் எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யமாகக் குறைக்கப்பட்டது. தேர்வு எழுதியிருந்தாலே கவுன்சலிங்குக்குப் போகலாம் என்ற நிலை. தலைப்பகுதியில் ஒரு கேள்விக்கு உயிரை விடும் அதே வரிசையின் வாலில் ஆள் தேடி அலைகிறார்கள்.

எது கஷ்டமான வேலை, எது உயிர் காக்கிற வேலை என்பதை வைத்து இந்த வரிசை அமையவில்லை. ராத்திரியில் போன் வருமா, கோர்ட்டு வழக்கு வருமா, சொந்தமாகத் தொழில் நடத்தினால் எவ்வளவு சீக்கிரம் நிமிரலாம் ஆகிய மூன்றும்தான் கணக்கு. தோல் துறையையே பாருங்கள். அதன் முழுப்பெயர் தோல், பால்வினை நோய், தொழுநோய் மருத்துவம். ஒரு காலத்தில் அந்த ஓ.பி. வாசலில் நிற்பதையே ஆட்கள் மறைப்பார்கள். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து தொழுநோய் குறைந்தது. பின்னால் லேசரும் முடி நடுதலும் வந்தன. இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. துறை அதேதான், சந்தை மாறிவிட்டது.

இந்தப் படிக்கட்டை அப்படியே நோயாளிகளும் தூக்கிக்கொள்ளும்போதுதான் சேதம். பாம்புக்கடியில் இது பச்சையாகத் தெரியும். கரும்பு, மஞ்சள், மக்காச்சோளக் காட்டில் கடிபட்டவரை வீட்டார் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிக் கோவைக்கோ சேலத்துக்கோ காரில் தூக்கிப் போகிறார்கள். “அங்க வெறும் எம்.பி.பி.எஸ்.தானுங்க இருக்காரு” என்பது காரணம். பாம்புக்கடிக்கு முதலில் வேண்டியது விஷமுறிவு மருந்து. அதை ஆரம்பிக்க எம்.பி.பி.எஸ். போதும். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் வழக்கமாக 8 முதல் 10 குப்பியில் தொடங்குவார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால் போதும். பிளாஸ்டிக் குழாயானாலும் சோப்புப் பவுடரில் கழுவிய குழாயானாலும் ரத்தம் ஒழுங்காக உறையாது, தப்பான முடிவு வரும். இதற்கு மேற்படிப்பு எதற்கு?

கட்டுவிரியன் இன்னும் மோசம். தோட்டத்துச் சாளையில் (காட்டு வீட்டில்) தரையில் படுத்திருப்பவரை ராத்திரி கடிக்கும்; வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, அப்புறம் கண்ணிமை சரிவு, அப்புறம் மூச்சு. கண்ணிமை சரிந்தவரைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து எழுபது கிலோமீட்டர் ஓட்டினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடலாம். பக்கத்து நிலையத்தில் மருந்தைத் தொடங்கிவிட்டு 108 வண்டியில் போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் தொண்டையில் குழாய் விட்டு மூச்சைக் கையில் எடுத்துக்கொள்பவர் பெரும்பாலும் மயக்கவியல் மருத்துவர் அல்லது அவசர சிகிச்சை மருத்துவர். அவசர சிகிச்சை தனித் துறையாக இங்கே அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான்.

மயக்கவியல் மருத்துவரை ஆப்பரேசனுக்கு முந்தைய நாளே பார்க்க வேண்டும். அவரிடம் மறைப்பதும் மறப்பதும்தான் மேசையில் வில்லங்கமாகிறது. எல்லோரும் செய்யும் தப்பு காபி. “சாப்பிடலீங்க, காப்பி மட்டுந்தானுங்க குடிச்சேன்.” பால் கலந்த எதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். இட்லி, பால், பால்காபிக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். பிரியாணி மாதிரி எண்ணெயும் கறியும் சேர்ந்ததற்கு 8 மணி நேரம். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் நல்லபடியாக முடிந்த ஆப்பரேசனும் ஐ.சி.யு.வில் போய் நிற்கும். இதனால்தான் காபி குடித்ததைச் சொன்னால் நேரத்தைத் தள்ளிவைக்கிறார்கள். அதற்குக் கோபித்துக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போய், அங்கே காபியைச் சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு.

அவரிடம் சொல்லியே ஆக வேண்டியவை வேறும் இருக்கின்றன. ஆடும் பல், கட்டிய பல் செட், கடுமையான குறட்டை, புகையிலை, முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த தொந்தரவு, நாட்டு மருந்து. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பொதுவாக ஆப்பரேசனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு பார்க்க நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமைக்கு எடுக்கும் மாத்திரையை மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது. அதை மயக்கவியல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

அடுத்தது பேத்தாலஜி, அறுத்தெடுத்த திசுவைப் பரிசோதித்து நோயைச் சொல்லும் துறை. முகமே தெரியாத மருத்துவர். சிறிய ஊர் மருத்துவமனைகளில் அறுத்த கட்டியை ஒரு டப்பாவில் போட்டு, “கோயம்புத்தூர் லேப்ல கொடுத்துருங்க” என்று வீட்டார் கையிலேயே கொடுப்பது வழக்கம். அந்த டப்பாவில் இருப்பது திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினா என்று கேட்டு வாங்குங்கள். கட்டியின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். கட்டி முழுதும் மூழ்க வேண்டும், வாய் அகலமான டப்பாவாக இருக்க வேண்டும். டிரிப் பாட்டிலில் மிஞ்சிய சலைனில் (உப்புநீரில்) போட்டால் திசு அழுகத் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துபோனால் பனித்துகள் செல்லைக் கிழித்துவிடும். ஞாயிறு லேப் லீவு என்று நாள் கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்தாலும் தப்பு: மார்பகப் புற்றுக்கட்டியில் ஹார்மோன் பரிசோதனை நம்பும்படி வர, ஃபார்மலினில் இருக்கும் நேரம் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். எந்த மாத்திரை, எந்த ஊசி என்பதை அந்தப் பரிசோதனைதான் தீர்மானிக்கிறது. எம்.சி.ஹெச். மருத்துவர் எவ்வளவு அழகாக அறுத்திருந்தாலும் டப்பாவில் கெட்டுப்போனதை அவரால் மீட்க முடியாது. ஒரு விதிவிலக்கு உண்டு. காசநோய் என்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தனியாக, ஃபார்மலின் படாமல், சலைனில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்ய முடியாது.

டப்பா மேல் பெயர், வயது, எந்த உறுப்பு, இடதா வலதா, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதியிருக்க வேண்டும். எலும்புக் கட்டியென்றால் எக்ஸ்ரேயும் கூடப் போக வேண்டும், அதைப் பார்க்காமல் எந்த நல்ல பேத்தாலஜிஸ்டும் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

சமூக மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுகுகிறது என்று ஒரு ஸ்பின்னிங் மில் தொழிலாளி சொன்னால், அது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் ஆக இருக்கலாம். “என்ன வேலைங்க பாக்கறீங்க?” என்று கேட்காத ஸ்பெஷலிஸ்ட் அதை ஆஸ்துமா என்று எழுதி அனுப்பிவிடுவார். அந்தக் கேள்வியையே தொழிலாக வைத்திருக்கும் துறைதான் படிக்கட்டின் அடியில் கிடக்கிறது.

பிள்ளைக்கு பி.ஜி. இடம் தேடும் பெற்றோருக்கு: ரேடியாலஜிதான் வேண்டும் என்று தோட்டத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுக் கட்டணம் கோடியைத் தொட்டுவிடும். அங்கே நாளைக்கு எத்தனை சி.டி., எத்தனை எம்.ஆர்.ஐ. நடக்கிறது, இரண்டாம் ஆண்டு மாணவரே அறிக்கை எழுதுகிறாரா என்பதை இப்போது அங்கே படிக்கும் சீனியரிடம் கேளுங்கள். நிம்மதியான துறை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும், ஒரு கட்டம் விட்டுப்போனாலும் குற்றம்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் பிறந்தது என்பதை நினைத்தால் அந்தக் கெடுபிடி எதற்கென்று புரியும்.

கவுன்சலிங்கில் கொடுக்கும் சாய்ஸ் பட்டியலில், கிடைத்தால் நிஜமாகவே போய்ச் சேரக்கூடிய இடங்களை மட்டும் போடுங்கள். அகில இந்தியக் கவுன்சலிங்கில் மாற்றம் கேட்டு அடுத்த சுற்றில் புது இடம் விழுந்தால் கையில் இருக்கும் பழைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். பட்டியலைப் பூட்டும் முன் அப்பாவும் மாமாவும் சேர்த்த வரிகளைப் பிள்ளையையே ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.